காலிப் பெட்டிகளையும் சேர்த்து எண்ணினேன்

காலை ரயிலில் எனக்கு ஜோசியக்காரி என்று பெயர். மாரிக்குப்பத்தில் கிளம்பி பெங்களூரு போகிற வண்டியில், இஞ்சினிலிருந்து நான்காவது கம்பார்ட்மென்ட்டில், பதினைந்து வருடங்களாக ஏறக்குறைய அதே முகங்களோடு போய்வருகிறேன். "இன்னா ஜோசியக்காரி, கிளிய ஊட்லயே உட்டுட்டு வந்துட்டியா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பங்காருபேட்டை வரும்வரை இந்தக் கேலி ஓடும். முன்பெல்லாம் நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்போது அந்தப் பெயர் காதில் விழுந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்கிறேன். எனக்குத் தூக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஜோசியம் என்று அவர்கள் சொல்வது என் உத்தியோகத்தை. பெங்களூருக்கு வெளியே, ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு கன்டெய்னர் டிப்போவில் வேலை செய்கிறேன். சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் இரும்புப் பெட்டிகள் சரக்கு ரயிலில் எங்களிடம் வரும். இங்கிருந்து லாரியில் ஃபேக்டரிகளுக்குப் போகும். ஏற்றுமதிச் சரக்கு எதிர்த்திசையில் போகும். கிரானைட், ஆயத்த ஆடை, மெஷின் பாகங்கள், எல்லாவற்றையும் எங்கள் ஷெட்டில்தான் ஆட்கள் பெட்டிக்குள் அடுக்குவார்கள். அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதங்களிலும் எத்தனை பெட்டிகள் வந்துபோகும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் என் வேலை. அந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை லாரி, எத்தனை கிரேன், எத்தனை ஷிஃப்ட், எத்தனை லோடிங் ஆட்கள் என்று முடிவு செய்வார்கள்.

இந்த வேலையில் இரண்டு விதமாகத் தப்பு செய்யலாம். குறைத்துச் சொன்னால் யார்டில் பெட்டிகள் தேங்கும், ஏற்றுமதிக்காரர்கள் போனில் கிழிப்பார்கள், மேனேஜர் என்னைக் கிழிப்பார். கூட்டிச் சொன்னால் யாரும் கத்த மாட்டார்கள். கூடுதலாக எடுத்த ஆட்களைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடுவார்கள். என்னைப் போல திட்டு வாங்கப் பயப்படுகிறவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு, எந்தக் கணிப்பும் உண்மையில் ஓர் எண் இல்லை. இதற்குக் கீழே போகாது, இதற்கு மேலே ஏறாது என்று இரண்டு எண்களுக்கு நடுவே கிடக்கும் இடம் அது. அப்படி மீட்டிங்கில் சொன்னால், "மேடம், ஒரே நம்பரா சொல்லுங்க" என்பார்கள். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

ஆபீசில் தயாராகும் எண்ணை வெளியில் சொல்லக் கூடாது என்று விதி. நான் ரயிலில் சொல்வேன். எங்கள் டிப்போவில் மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஊர்க்காரர்கள். நான் போகிற வண்டியிலேயே வருகிறவர்கள். ஒருமுறை, "அடுத்த வாரம் கப்பல் லேட், பெட்டி வராது, லீவு போடறவங்க போட்டுக்கோங்க" என்று சொன்னேன். அப்படியே நடந்தது. ஒருவர் தன் பேத்திக்குக் காது குத்துவதை அந்த வாரத்தில் வைத்துக்கொண்டு எனக்குத் தாம்பூலப் பை கொண்டுவந்து கொடுத்தார். அதிலிருந்து மாதக் கடைசி வந்தால் கம்பார்ட்மென்ட்டே என் வாயைப் பார்க்கும்.

விதியை மீறுவது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. அதற்கு எங்கள் ஊர்தான் காரணம் என்று கொஞ்ச நாள் என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் தங்க வயலில் சுரங்கம் மூடியபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மூடப்போகிறார்கள், மூடமாட்டார்கள் என்று சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசைகளில், லைனுக்கு லைன் இரண்டு கட்சி. அப்பா மூடமாட்டார்கள் கட்சி. கடைசியில் ஒருநாள் மூடியேவிட்டார்கள். ஆபீசில் இருந்தவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று இன்றுவரை எங்கள் லைனில் எல்லோரும் நம்புகிறார்கள். அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் டீக்கடையில், சாவு வீட்டில், எங்கே பேச்சு ஆரம்பித்தாலும் ஒரு இடத்துக்கு வந்து நிற்கும்: "ஆபீஸ்ல நம்ப ஆளு ஒருத்தன் இருந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்." இந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் நான். பிறகு நானே ஆபீசில் இருக்கும் நம்ப ஆளாக ஆனேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர். சொந்தமில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து மாமா என்றும் அத்தை என்றும் கூப்பிட்டுப் பழக்கம். சுரங்கத்தின் கடைசி வருடங்களில் அண்டர்கிரவுண்டில் இறங்கிய பொடியன்களில் அவரும் ஒருவர். மூடிய பிறகு அலைந்து திரிந்து, பக்கத்திலிருக்கும் பெரிய ஃபேக்டரியில் கான்ட்ராக்டர் மூலமாக ஸ்டோர் ஹெல்பராகப் போனார். இருபது வருடம் அதே வேலை. வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் இல்லை. அத்தைக்குச் சர்க்கரை முற்றிப்போய் கண் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். காலையிலும் சாயந்திரமும் மாமாதான் ஊசி போடுவார். ஊர் முழுக்க பெங்களூரு வண்டியைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தபோது, உள்ளூரிலேயே வேலை இருந்ததால் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் டிப்போவின் லேபர் கான்ட்ராக்டர் அவரைக் கூப்பிட்டார். சரக்கு ஏறுகிறது, இரண்டாவது ஷிஃப்ட் போடப்போகிறோம், தங்க வயலிலிருந்து பன்னிரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் நீதான் மேஸ்திரி என்றார். இருபது வருடம் ஹெல்பராகவே இருந்தவருக்கு மேஸ்திரி என்ற வார்த்தை என்னவெல்லாம் செய்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. அவருடைய அப்பா சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பாக வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எனுக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்மா. இந்த செகண்ட் ஷிஃப்ட்டு நிக்குமா, இல்ல நாலு நாளு கூத்தா?"

"நாளைக்குத்தான் மாமா புது கணக்கு போடறேன். போட்டுட்டு சொல்றேன்."

"நீ சொன்னா போதும். ஃபேக்டரி வேலைய உட்டா திரும்பக் கிடைக்காது. ஒரு எடத்துக்கு நூறு பேரு நிக்கறான். அதான் பயம்."

இதை அவர் சொன்னார். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் எங்கேயும் போய்ச் சொல்ல முடியாது. பணயம் என்ன என்பதை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் ஆபீசில் கணக்கைத் திறந்தேன். இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு ஒப்புதல் கொடுப்பதா வேண்டாமா என்று மேனேஜரும் அதே எண்ணுக்காகத்தான் காத்திருந்தார். பழைய மாதங்களின் கேட் கணக்கைப் போட்டால் கம்ப்யூட்டர் ஒரு கோடு வரையும். அன்று அந்தக் கோடு சரசரவென்று மேலே ஏறியது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பிறகு ஒரு சின்ன உறுத்தல். ஏற்றுமதிக்காரர்கள் யாரும் போனில் அப்படியொன்றும் கூடுதல் சரக்கு இருப்பதாகச் சொல்லவில்லையே, பெட்டி மட்டும் எங்கிருந்து வருகிறது?

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கேட்டில் புது சாஃப்ட்வேர் வந்திருந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் சரக்கா காலியா என்று குறிக்கும் கட்டம் ஒன்று உண்டு. பல வாரங்களாக அந்தக் கட்டத்தை யாரும் நிரப்பவில்லை. நிரப்பாத கட்டத்தை என் கணக்கு சரக்குப் பெட்டியாக எடுத்துக்கொண்டிருந்தது. காலிப் பெட்டி வந்தால் கிரேன் தூக்கி ஓரமாக வைக்கும், அவ்வளவுதான். அதற்குள் அடுக்க ஆள் வேண்டாம், மேஸ்திரி வேண்டாம், இரண்டாம் ஷிஃப்ட்டும் வேண்டாம். ஏறுகிற கோட்டில் எவ்வளவு சரக்கு, எவ்வளவு காற்று என்று எனக்குத் தெரியவில்லை. யார்டு கிளார்க்குக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

யார்டு எங்கள் ஆபீஸ் கட்டடத்துக்குப் பின்னால்தான். போய்ப் பார்த்துவிட்டு வர இருபது நிமிஷம் ஆகும். மணி ஐந்தரை. என் வண்டி ஐந்து ஐம்பதுக்கு. அதை விட்டால் அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. எங்கள் ஊரிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். ஐந்தரைக்கு மேல் எங்களுக்கு மூளை வேலை செய்யாது, கால்தான் வேலை செய்யும். பாதி எழுதின கடிதத்தை மூடுவோம், பாதி மாட்டின ஸ்க்ரூவை அப்படியே விடுவோம், மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்வோம். நான் எண்ணை மேனேஜருக்கு அனுப்பிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கட்டம் காலியாக இருக்கிற விஷயத்தை மெயிலில் ஒரு வரியாகக்கூட எழுதவில்லை.

ரயில்மேல் பழியைப் போட்டு எழுதிவிட்டேன். அது பாதிதான். அந்த எண் எனக்குப் பிடித்திருந்தது. மாமா வீட்டுக்கு நல்ல சேதி கொண்டுபோகிற ஆளாக இருக்க எனக்கு ஆசையாக இருந்தது. யார்டுக்குப் போனால் அந்த ஆசையில் மண் விழுமோ என்று பயம். வண்டி ஆறரை மணிக்கு வருவதாக இருந்திருந்தாலும் போயிருப்பேனா என்று சந்தேகம்தான்.

சனிக்கிழமை சாயந்திரம் மாமா மறுபடி வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"ஒரு வருஷத்துக்குக் கவலையே இல்ல மாமா. சரக்கு ஏறிக்கினுதான் இருக்குது. தைரியமா போங்க," என்றேன்.

"நெசமா?"

"நான் போட்ட கணக்கு மாமா."

அவர் முகத்தில் அப்படியொரு தெளிச்சல். அது போதாதென்று நானே இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டாம் ஷிஃப்ட்டுக்குப் போனால் சாயந்திரம் வீட்டில் இருக்க முடியாதே, அத்தைக்கு ஊசி யார் போடுவது என்று அவர் தயங்கினார். வண்டியிலிருந்து இறங்கினதும் நேராக வந்து நான் போடுகிறேன் என்றேன். தடுத்துக்கொண்டிருந்த கடைசிக் கல்லையும் நானே கையால் எடுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை அவர் ஃபேக்டரியில் வேலையை விட்டு நின்றுகொண்டார். கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்தபோது அங்கே ஸ்டோரில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தாராம். அதே திங்கட்கிழமை நான் யார்டுக்குப் போயிருக்கலாம். அன்று எனக்கு நேரம் இருந்தது. போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. போனால் தெரிந்துவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் சாயந்திர டீ வேளையில் கால் தானாக அந்தப் பக்கம் போனது. ஷெட்டின் நிழலில் மாமாவின் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மட்டும் உட்காரவில்லை. இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, கையில் ஆட்களின் வருகை நோட்டு. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மேடம்" என்றார் ஆட்கள் காதில் விழும்படி. அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவருக்குப் பின்னால் பெட்டிகள் ஐந்தடுக்கு உயரத்துக்கு நின்றன.

கொஞ்ச தூரம் தள்ளி யார்டு கிளார்க்கைப் பிடித்துக் கேட்டேன். "அதா மேடம்? எல்லாம் காலி. மூணு நாலு மாசமா காலிதான் வந்துகினு இருக்குது. துறைமுகத்துல எடமில்லன்னு கப்பல் கம்பெனிக்காரங்க இங்க கொண்டாந்து கொட்டறாங்க. நீங்க கேக்கவே இல்லியே?" என்றார் அவர். திரும்பி வரும்போது மாமா இருந்த வழியை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. "ஓகே, டேட்டா ப்ராப்ளம். கரெக்ட் பண்ணிடுங்க," என்றார். அடுத்த மீட்டிங்கில் திரையில் பத்துப் பதினைந்து வரிகளுக்கு நடுவில் ஒரு வரியாக அது வந்தது. கணிப்புக்கும் நடப்புக்கும் இவ்வளவு சதவீதம் வித்தியாசம், காரணம் இது, சரிசெய்யப்பட்டது. யாரோ தலையசைத்தார். அடுத்த திரைக்குப் போய்விட்டார்கள். அந்தச் சதவீதத்துக்குள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் நிற்பது எனக்கு மட்டும் தெரிந்தது. நானும் தலையசைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்.

மாதக் கடைசியோடு இரண்டாம் ஷிஃப்ட்டை நிறுத்திவிட்டார்கள். வயசுப் பையன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மாமா பழைய ஃபேக்டரியின் வாசலில் போய் நின்றார். அவர் இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று. அவர் பயந்தது அப்படியே நடந்தது. டிப்போவிலேயே பகலில் மூட்டை தூக்கிப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் பெங்களூரில் ஓர் அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். அங்கேயே தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வந்து திங்கட்கிழமை காலை வண்டியில் திரும்பிவிடுவார். வாரத்தில் ஆறு நாள் அத்தை அந்த வீட்டில் தனியாகச் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள். ஒருமுறை வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டாள். சர்க்கரைக்காரிக்குப் புண் ஆறுவதற்கு எத்தனை நாளாகும் என்று நான் கூடவே இருந்து பார்த்தேன்.

இப்போது இரண்டு வேளை ஊசியும் நான்தான் போடுகிறேன். காலையில் வண்டிக்கு முன்னால், சாயந்திரம் வண்டிக்குப் பின்னால். லைனில் என்னைப் பற்றி நல்ல பேர். பெற்ற மகள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்கிறார்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னதால அவரு ரெண்டு மூணு மாசமாச்சும் மேஸ்திரியா இருந்தாரு கண்ணு. அந்தச் சட்டைய இன்னும் மடிச்சி வெச்சிகினு இருக்காரு," என்றாள் ஒருநாள். அன்று ஊசியைக் கோணலாகக் குத்திவிட்டேன்.

இதையெல்லாம்விட என்னைத் தின்றது மாமா ஊருக்குள் சொல்லிக்கொண்டிருந்த கதைதான். "நம்ப புள்ள சொன்ன கணக்கு கரெக்ட்டு. பெட்டி வந்துது. என் கண்ணால பாத்தேன், அஞ்சி அடுக்கு அடுக்கி வெச்சிருந்தானுங்க. வேலை இருந்துது. நம்பளத் தூக்கிட்டு வேற கான்ட்ராக்டுக்காரனுக்குக் குடுத்துட்டானுங்க, கம்பெனிக்காரனுங்க புத்தி." ரயிலில் இதைக் கேட்டவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எங்கள் ஊரில் இந்தக் கதைக்குச் சாட்சி தேவையில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழெட்டு மாதம் இப்படியே ஓட்டினேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். இனி முடியாது என்று தோன்றிவிட்டது. மாமா வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த சைக்கிளை இப்போது யாரும் ஓட்டுவதில்லை. உள்ளே அத்தை அரிசி களையும் சத்தம் கேட்டது. நான் அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நிரப்பாத கட்டம், எடுக்காத போன், பார்க்காத யார்டு, பிடித்த வண்டி.

அவர் செயினைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பெட்டியெல்லாம் காலியா?"

"எல்லாமே காலி மாமா."

"நான் அதும் முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துக்கினேன்."

செயினில் இன்னும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார்.

"எங்கிட்ட சொல்லும்போதே தெரியுமா உனுக்கு?"

"சந்தேகம் இருந்துது மாமா. சொல்லல. என்ன மன்னிச்சிடுங்க."

துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என்னைவிடத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"இத யாருகிட்டயும் சொல்லாத."

"இல்ல மாமா, ரயில்ல எல்லாருகிட்டயும் நானே சொல்லிடறேன். தப்பு என் பேருலன்னு…"

"சொல்லாதன்றேன். கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னா நாலு பேரு ஆமான்னுவான். நம்ப ஊருல ஏமாறாதவன் யாரு. பக்கத்து ஊட்டுப் பொண்ணு பேச்சக் கேட்டு இருவது வருஷ வேலைய உட்டேன்னு எந்த மூஞ்ச வெச்சிகினு சொல்றது?"

"எனுக்குத் தாங்கல மாமா."

"தெரியுது. பாரத்த எறக்கி வெக்க வந்திருக்க. எங்க வெக்கப்போற, எம்மேலதான." துணியை மடித்து சைக்கிள் சீட்டின்மேல் வைத்தார். "நாளிக்கு நான் காலைல வண்டி ஏறணும். உள்ள இருக்கறவ உங்கையால ஊசி போட்டுக்கணும். அவளுக்கு இது தெரிஞ்சா கைய நீட்டுவாளா? உன்ன உட்டா யாரு இருக்காங்க எங்களுக்கு?"

அதற்குள் உள்ளே அரிசிச் சத்தம் நின்றுவிட்டது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். எங்கள் இருவர் பக்கமும் பொதுவாக முகத்தைத் திருப்பி, "இன்னா ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கினு இருக்கீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. அந்த டிப்போ விஷயந்தான்," என்றார் மாமா. "வேலை இருந்தும் நம்பளத் தூக்கிட்டானுங்க, கம்பெனிக்காரனுங்க பண்ண வேலைதான், ஆபீஸ்ல இப்போ நல்லாவே தெரிஞ்சி போச்சாம். அதச் சொல்லத்தான் வந்திருக்குது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்டியா கண்ணு?" என்று அத்தை கேட்டாள். நான் தலையாட்டினேன். தலையாட்டினால் அவளுக்குத் தெரியாது. படியில் நின்றபடி காத்திருந்தாள்.

"ஆமா அத்தை," என்றேன். "கம்பெனிக்காரங்கதான்."